அக்கா மாப்பு கேட்க மலையேறிய கதை

மக்காவுக்குப் போக நினைத்தது என் அக்கா. அலுத்துக் களைத்துப் போனது நான். அவள் இன்னும் விமானத்தின் படியில் கால் வைக்கவில்லை. அதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

டிக்கெட் எங்கே எடுத்தாள், விசாவுக்கு யாரைப் பார்த்தாள் என்ற கதையெல்லாம் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்.

"டேய், நான் மக்காவுக்கு உம்ரா செய்யப் போறேன்."

"யார் கூட?"

"யார் கூடயும் இல்ல. தனியா."

அப்போது ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் அவர் தடுமாறாமல் படித்துவிட்டார். எனக்குத்தான் முதல் எழுத்தே மங்கலாகிவிட்டது.

நஸீமா அக்கா கல்வராயன் மலையில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆண் துணை இல்லாமல் பெண்கள் வரலாம் என்று இப்போது அந்த நாட்டு அரசாங்கமே சொல்லிவிட்டது. சொல்லாதது எங்கள் குடும்பம்தான். பெண் பயணம் போனால் கூட ஒரு மஹ்ரம் வேண்டும் என்பார்கள். கணவன், அவன் இல்லையென்றால் தகப்பன், மகன், கூடப்பிறந்தவன் என்று நெருங்கிய ஆண் துணை. இந்தப் பூமியில் அக்காவுக்கு மிச்சமிருக்கும் ஒரே மஹ்ரம் நான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு கஷ்டம். அவளுக்கு நான்.

எனக்கோ விழுப்புரம் போய் வந்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ் ஏறும்போது கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்க வேண்டும். இறங்கும்வரை அதை மோந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் கடல் தாண்டி, மேகத்துக்கு மேலே, ஜன்னலைத் திறக்க முடியாத வண்டியில் போவதா? அவளைத் தனியாக அனுப்பவும் பயம். கூடப் போகவும் பயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். "வழி பத்திரமா இருந்தா போகலாம்னு சொன்ன மார்க்கம் படிச்ச ஆலிம்களும் உண்டு, கூடாதுன்னவங்களும் உண்டு. குடும்பத்துல பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தொழவைக்கப் போய்விட்டார். புத்திசாலி மனிதர்.

மக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் உறவு, பழக்கம் எல்லார் வீட்டுக்கும் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மாப்பு பண்ணிடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். மன்னிப்பைத்தான் மாப்பு என்போம். ஒருவர் மனத்தாங்கலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது. அக்காவுக்குக் கேட்க வேண்டியவர்கள் இரண்டு இடத்தில் இருந்தார்கள். ஒன்று வடக்கனந்தலில் அவள் மாமியார் வீடு. இன்னொன்று அவள் பிரசவம் பார்த்த மலை.

"நீயும் வா. மக்காவுக்குத் தொணை வர்றவன் மொதல்ல மலைக்கு வா, பாக்கலாம்" என்றாள்.

முதல் நாள் வடக்கனந்தல். அத்தானுடைய அண்ணனைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவோம். கரும்பு போட்டிருக்கிறார். பேச்சும் கரும்பு வெட்டுகிற மாதிரிதான், ஒரே வெட்டு. நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியும் வைத்தார்கள். அக்கா முதலில் மச்சானின் மனைவியிடம் மாப்பு கேட்டாள். அந்த அம்மா, "நீ இன்னாம்மா தப்பு பண்ணே, நான்தான் உன்ன ஜாஸ்தி பேசியிருக்கேன்" என்று அழுதார். அக்காவும் அழுதாள். இரண்டு பேரும் அழுதபடியே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள்.

பெரிய மச்சான் அழவில்லை.

"மாப்பு பண்ணிட்டேம்மா. என் தம்பி பொண்டாட்டி மேல எனக்கு இன்னா கோவம். ஆனா தனியா போறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஊர்ல நாலு பேரு என்னைத்தான் கேப்பான்."

"நாலு பேருக்கும் நானே பதில் சொல்லிட்டுப் போறேங்க மச்சான்" என்றாள் அக்கா.

"நீ சொல்ல வேணாம். இதோ ஒக்காந்து எலும்பு கடிச்சிக்கினு இருக்கானே, உன் தம்பி, அவன் சொல்லட்டும். 'என் அக்கா தனியா போட்டும், நான் பொறுப்பு'ன்னு ஒரு வார்த்தை. அவன் வாயால. அப்புறம் நான் குறுக்க வர மாட்டேன். இல்லன்னா அவனும் கூடப் போட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் நல்லி எலும்பு. அதை எடுத்தால் பேச வேண்டியிருக்கும் என்று எடுக்கவே இல்லை. எலும்போடு சேர்த்து, "யோசிச்சி சொல்றேங்க" என்றேன்.

"எப்போ?"

அக்கா எனக்காகப் பதில் சொன்னாள். "மலையிலேர்ந்து எறங்கறதுக்குள்ள சொல்லிடுவான் மச்சான். அதுக்கு மேல நானும் காத்துக்கினு இருக்க மாட்டேன்."

சாப்பிட்ட களைப்பில் மதியம் படுத்தேன். கண்ணை மூடினால் கூட்டம். லட்சம் தலை. அதில் அக்காவின் தலை மட்டும் காணோம். அவள் செருப்பு தொலைகிறது. போனில் சார்ஜ் இறங்குகிறது. எந்த வாசலில் நுழைந்தாளோ அந்த வாசல் இல்லை. வெயிலில் மயங்கி விழுகிறாள். சுற்றி நிற்பவர்கள் ஏதேதோ பாஷையில் பேசுகிறார்கள். எழுந்து உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, கூட்டத்துல தொலஞ்சிட்டா இன்னா பண்ணுவே?"

"கேட்டுக்கினு வருவேன்."

"அரபியிலயா?"

"வலி எடுத்தா எந்த ஊரு பொம்பளையும் ஒரே மாதிரிதான் மூஞ்சிய வெச்சிக்குவா. அதையே புரிஞ்சிக்கினவளுக்கு வழி கேக்கத் தெரியாதா? படு. மூஞ்செல்லாம் வேர்த்திருக்குது."

இரண்டாம் நாள் கச்சிராயபாளையம் வந்து மலை பஸ்ஸுக்காக நின்றோம். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றின் டிரெய்லர் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அதைச் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தூக்குவதற்குத்தான் ஆள் கம்மி. டீக்கடையில் ஒருவர், "மில்லுக்குப் போறதுக்குள்ள கரும்பு காஞ்சி வெறகாயிடும்" என்றார். இன்னொருவர், "அதுக்கும் ஒரு வெல சொல்லுவான், குடு" என்றார்.

வழி திறந்தபோது ஒரே நேரத்தில் பஸ்கள் முண்டியடித்து வந்தன. துணைக்கு வந்த ஆண் என்ற முறையில் நான் செயலில் இறங்கினேன். "நீ இரு, நான் எடம் புடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரமாக ஒரு சீட்டும் பக்கத்தில் துண்டு போட்டு இன்னொரு சீட்டும் பிடித்தேன். வெற்றியோடு எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொண்டேன். பஸ் நகர்ந்தது. அக்கா இன்னும் ஏறவில்லை. எட்டிப் பார்த்தால், வேறொரு பஸ்ஸின் படியருகே நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எங்கங்க போவுது?" என்று பக்கத்து ஆளைக் கேட்டேன்.

"கள்ளக்குறிச்சி."

கத்தினேன். விசில் அடித்தார்கள். பஸ் நிற்பதற்குள் கொஞ்ச தூரம் போய்விட்டது. துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிராக்டர்களுக்கு நடுவே ஓடினேன். அக்கா மலை பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தாள். கண்டக்டரிடம், "என் தம்பி. தொலஞ்சிட்டான். வந்துடுவான்" என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிரித்தது. கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வாய் என்று முந்தின நாள் கேட்டவன் நான் என்பதை அவள் நினைவுபடுத்தவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. என் காலடியில் யாரோ ஒரு சாக்கு மளிகையை வைத்திருந்தார்கள். தோளில் தூங்குகிற பெண்ணின் தலை. நான் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் திணித்தார்.

"வெச்சிக்கோங்க பாய். உங்களுக்கில்ல, மத்தவங்களுக்கு நல்லது."

பக்கத்தில் அக்கா வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். மூன்றாவது வளைவில் எனக்கு ஒன்றை நீட்டினாள். அவளைப் பார்க்கக்கூட முடியாமல் தலையை ஆட்டினேன்.

"ஏன்க்கா தனியா? ஒரு குரூப்புல சேந்து போனா ஆவாதா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.

கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள். "கூட யாரு வந்தாலும் அவங்க செருப்பு எங்க, மாத்திரை எங்க, சாப்ட்டாங்களா, தூங்குனாங்களான்னுதான் பாத்துக்கினு இருப்பேன். என் புத்தி அப்பிடியே பழகிப்போச்சு. அல்லா முன்னால போய் நிக்கறப்பவாச்சும் ஒரு தடவ என் வேலையப் பாக்கறேனே."

அடுத்த வளைவில் எனக்குக் கவர் தேவைப்பட்டது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதற்கு உதாரணமாக நானே அமைந்துவிட்டேன்.

வெள்ளிமலையில் அவளோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் தங்கினோம். கீழே கள்ளக்குறிச்சியில் மின்விசிறி அனல் காற்றை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே பொழுது சாய்ந்ததும் தோளில் போட்ட துண்டு போதவில்லை. கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். காலியான வயிற்றுக்கு அது அமிர்தம். என் உடம்பில் வலிக்காத இடம் நாக்கு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு ஜீப்பில் கொஞ்ச தூரம், பிறகு நடை. மரவள்ளித் தோட்டம், சாமை அறுத்த கட்டை, நடுவில் ஒற்றையடிப் பாதை. அக்கா பாதையைப் பார்க்காமலே நடந்தாள். நான் பாதையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று பிறகுதான் சொன்னார்கள்: வெளுத்து, கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து, கையில் வாடிப்போன எலுமிச்சம்பழத்தோடு.

முதல் வீடு பூங்காவனத்துடையது. அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாமே அக்கா கையில்தான் விழுந்தன. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் அக்காவைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நர்ஸம்மா! எங்கள மறந்தே போய்ட்டியோன்னு இருந்தேன்!"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரே விஷயத்துக்கு வந்தாள். "பூங்காவனம், தூரப் பயணம் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு. அதைக் கேக்கத்தான் வந்தேன். எல்லா வூட்லயும் கேக்கணும்."

பூங்காவனத்தின் முகம் மாறியது. அக்காவை மேலிருந்து கீழே பார்த்தாள். நல்ல திடமாக நின்றுகொண்டிருந்தாள் அக்கா. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அய்யோ! இவரா?" என்றாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஊரில், இனி தேறாது என்று ஆனவரைத்தான் வீட்டார் அழைத்து வந்து, வீடு வீடாக நிறுத்தி, "இருந்த மனத்தாங்கலை விட்டுடுங்க" என்று கேட்பார்களாம். எங்களுக்கு மக்கா, அவர்களுக்கு அதைவிடத் தூரமான இடம். அது எனக்கு அப்போது தெரியாது; தெரிந்த அக்காவுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது. பூங்காவனத்தின் புருஷன் கோவிந்தன் என்னைத் தாங்கிப் பிடித்து, அங்கிருந்த கட்டிலில் படுக்கவைத்தார். எனக்கும் படுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. மறுக்கவில்லை.

"இன்னா நோவு பாய்?"

"பஸ்ஸு" என்றேன்.

"பஸ்ஸு அடிச்சிட்டிச்சாம்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதான் உள்ள அடி. வெளிய தெரியல" என்றது இன்னொன்று.

கடுக்காய் தட்டிப்போட்ட கஷாயம் வந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார்கள். அவ்வளவு துவர்ப்பு என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முகத்தைச் சுளித்தேன். "இழுக்குது, இழுக்குது" என்று பெண்கள் அழுதார்கள். அக்காவைத் தேடினேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முந்தானையில் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்த பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது சிரிப்பு.

பிறகு நடந்ததுதான் இன்றுவரை மனத்தைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருவராகக் கட்டில் பக்கத்தில் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. கோவிந்தன்தான் முதலில் குனிந்து என் கையைத் தொட்டார்.

"உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல பாய். நிம்மதியா போ."

அடுத்தவரும் அதையே சொன்னார். அடுத்த அம்மாவும். "ஒண்ணும் இல்ல சாமி, நிம்மதியா போ." வடக்கனந்தலில் எலும்பைக் கடித்துக்கொண்டு நான் விழுங்கிவிட்ட வார்த்தையை, யார் பெற்ற பிள்ளையோ என்றுகூடக் கேட்காமல், ஒரு ஊரே எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.  எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் அழுகை இன்னும் ஜாஸ்தியானது.

கடைசியில் அக்காவுக்குப் பேச்சு வந்தது. "அய்யே, நிறுத்துங்க! அவனுக்கு ஒண்ணும் இல்ல. பஸ்ல வாந்தி. போறது நான்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒப்பாரி அப்படியே அவள் பக்கம் திரும்பியது. மக்கா எங்கே இருக்கிறது, அது சாமி கும்பிடப் போகிற இடம், போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று புரியவைப்பதற்குள் கஷாயச் சட்டி காலி.

"அப்ப சாவலியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் பூங்காவனம்.

"இல்லம்மா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும் இல்ல."

பூங்காவனம் முறத்தை எடுத்து என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். "அதுக்கா இந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்து நின்னே?"

செத்துப் பிழைத்தவனுக்கு விருந்து போட வேண்டும் என்று கோவிந்தன் ஒரு சேவலைப் பிடித்து வந்தார். கத்தியையும் என்னிடம் நீட்டினார். "நர்ஸம்மா இத்தினி வருசத்துல எங்க வூட்ல கறி தின்னதில்ல. நாங்க அறுத்தா அதுக்கு ஆவாது, தனக்கும் அறுக்கத் தெரியாதுன்னு சொல்லும். இன்னிக்கித்தான் வூட்டுக்கு ஒரு பாய் வந்திருக்காரு. நீங்களே அறுங்க."

அக்காவுக்குக் கோழி அறுக்க நன்றாகவே தெரியும். இருக்கிற ஒன்றிரண்டையும் தனக்காக அறுத்துவிடப் போகிறார்களே என்றுதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். அறுக்கத் தெரியாதது எனக்குத்தான். நான் கண்ணாடி விற்கிறவன். சேவலை வாங்கினேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இரண்டு பேரில் யார் அதிகம் நடுங்கினோம் என்று தெரியவில்லை. ஒரு உதறு உதறியது. கூரைமேல் ஏறி நின்று கூவியது. சேவலும் தப்பித்தது, அக்காவின் பொய்யும் தப்பித்தது. சாமைச் சோற்றுக்கு முட்டைக் குழம்பு வைத்தார்கள்.

"அந்தப் பொய்க்கும் சேத்துத்தான் மாப்பு கேட்டேன்" என்று இலைக்குக் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள் அக்கா.

சாப்பிடும்போது பூங்காவனம் கேட்டாள். "யாரு கூட போறே நர்ஸம்மா? தம்பியா?"

"தனியாத்தான் போவணும்னு இருக்கேன். தம்பிதான் இன்னும் சரின்னு சொல்லல."

பூங்காவனம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முறம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. "பயந்துக்கினு இருக்காரு, பாவம்" என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

"உங்க சாமிக்கு இன்னா படைப்பாங்க? நாங்க எதுனா குடுத்தனுப்பறோம்" என்றார் கோவிந்தன்.

அங்கே எதுவும் படைப்பதில்லை என்றாள் அக்கா. அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு உடனே சொன்னாள். "ஆனா அங்க கூட்டம் கூட்டமா புறா இருக்கும். வர்றவங்க அதுக்குத் தானியம் போடுவாங்க."

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு ஒரு பிடி சாமை வந்தது. கொட்டும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கொட்டினார்கள். அக்கா ஒரு வெள்ளைத் துணியில் வாங்கி முடிந்துகொண்டாள். என் பயத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

"ஏர்போர்ட்ல புடிச்சி இது இன்னாம்மான்னு கேட்டா?"

"சாமைன்னு சொல்லுவேன்."

"அவனுக்கு சாமைன்னா தெரியுமா?"

"தெரியலன்னா அங்கியே ஒலை வெச்சி சோறாக்கிக் காட்டறேன். நீ எலைய எடு."

நான்காம் நாள் இறங்கினோம். பஸ் வெள்ளிமலையை விட்டு நகர்ந்ததும் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடலை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் களைப்பு இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி" என்றாள்.

"என்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? நான்தான் நேத்தே செத்துட்டேனே."

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "தெரிஞ்சோ தெரியாமலோ..." என்று ஆரம்பித்தாள். இந்த நான்கு நாளில் அந்த வரியை எத்தனையோ வாசலில் தடுமாறாமல் சொன்னவள், என்னிடம் பாதியில் நின்றுவிட்டாள்.  அவள் அழைத்துக்கொண்டு வந்தது துணையை அல்ல, இந்த ஒரு பதிலை என்று எனக்குப் புரிந்தது. நான் வேண்டாம் என்று சொன்னால் அவள் போக மாட்டாள். எதிர்த்துப் பேசவும் மாட்டாள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் எனக்கு ரசம் வைத்துக் கொண்டுவருவாள்.

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாமா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கட்டிலில் கிடந்தபோது காதில் விழுந்ததுதான் வாயில் வந்தது. கடைசியில் ஒரு சொல்லை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நிம்மதியா போய்ட்டு வா."

அவள் என்னையே பார்த்தாள். "மச்சான்கிட்ட?"

"வடக்கனந்தல்ல எறங்கி நானே சொல்றேன். எலும்பு இல்லாம."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவளிடம் நீட்டினேன். வாடி, தோல் கறுத்து, என் கைவேர்வையெல்லாம் ஏறியிருந்தது. ஆனாலும் வாசனை போகவில்லை.

"இது எதுக்கு? புறா எலுமிச்சம்பழம் தின்னுமா?"

"புறாவுக்கு இல்ல, உனக்கு. பிளேன்ல மோந்துக்கினு போ."

"எனக்குத்தான் வாந்தி வராதே."

"வந்தா?"

அவள் அதை வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்தாள். பையைத் திறந்து, சாமை முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பஸ் யோசித்துவிட்டுத் திரும்பியது. என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து கண்டக்டரைப் பார்த்துக் கையை நீட்டினேன். அதே கண்டக்டர்தான். ஒன்றும் கேட்காமல், இந்தத் தடவை இரண்டு கவராகக் கொடுத்தார்.